வேறெங்கும் இல்லாத படிப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கொள்ளிடத்துக்கு வடக்கே, நல்ல வயலை மேடாக்கிக் கட்டியது என்பது போதும். அங்கே கல்விப் பிரிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் ஃபைல் நகர்த்திவிட்டு, போன ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் எனக்குச் சால்வை போர்த்தி, "அப்பழுக்கில்லாத பணி" என்று பேசினார் பேராசிரியர் ஜெயக்குமார். அந்தச் சால்வையைக் கழற்றி அவர் மூஞ்சியிலேயே வீச வேண்டும் போலிருந்தது. வீசவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். அப்பழுக்கு இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ரோசரிக்கும் தெரியும். ரோசரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ரோசரி காட்டூர்ப் பெண். அப்பா பிலோமின்ராஜ் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். அம்மா, இவள் எட்டாவது படிக்கும்போதே தவறிவிட்டார். காலையில் சோறு வடித்துவிட்டு, அப்பாவுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டு, கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாளாம். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை ஆக வேண்டும். டாக்டர், கலெக்டர் என்றெல்லாம் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. திருச்சியில் விலங்கியல் சொல்லித்தரும் பழைய கல்லூரிகளுக்கு என்ன பஞ்சம்? ஏதாவது ஒன்றில் பேசாமல் சேர்ந்திருக்கலாம். விதி, அந்த வருஷம் பார்த்து எங்கள் பல்கலைக்கழகம் பளபளவென்று ஒரு விளக்கப் புத்தகம் போட்டது.

புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஜெயக்குமார் ஆரம்பித்த புதுப் படிப்பு. நதிச்சூழல் உயிரியல், ஐந்து வருஷம், ஒரே மூச்சில் எம்.எஸ்சி. பட்டம். பின்னணியில் காவிரி, முன்னணியில் கண்ணாடிக் குடுவையோடு சிரிக்கும் ஒரு பெண். அந்தப் பெண் எங்கள் மாணவி இல்லை, வகுப்பே இன்னும் தொடங்கவில்லை. ஜெயக்குமாரைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். பேச ஆரம்பித்தாரானால் கூடத்தில் மின்விசிறி நின்றால்கூட ஒருத்தர் எழுந்து போக மாட்டார். ரோசரியும் அப்பாவும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நேராக என் மேஜைக்கு வந்து விண்ணப்பம் வாங்கினார்கள். விண்ணப்பம் கொடுத்தவன் நான்தான்.

படித்தாள் என்றால் அப்படிப் படித்தாள். வாரத்தில் இரண்டு நாள் முக்கொம்பில் வலைக்காரர்களோடு நிற்பாள். அங்கே பிக்னிக் வந்தவர்கள் எல்லாம் மீன் வறுவல் தின்றுகொண்டிருக்க, இவள் அயிரை, ஆரால், உளுவை, கெளுத்தி என்று நோட்டில் குறித்து, அளந்து, எடை போட்டுக்கொண்டிருப்பாள். மணல் அள்ளிய பள்ளங்களில் எந்த மீன் காணாமல் போயிற்று, எது புதிதாக வந்தது என்று மூன்று வருஷக் கணக்கு அவளிடம் இருந்தது. அந்த ஆய்வுக்குத் தேசிய அளவிலான ஒரு கருத்தரங்கில் முதல் பரிசு கிடைத்தது. பட்டமளிப்பு விழாவில் தங்கப் பதக்கம். பிலோமின்ராஜ் ஒரு நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மகள் பெயரைக் கூப்பிட்டபோது கைதட்ட மறந்து எழுந்து நின்றுவிட்டார். பின்வரிசைக்காரர்கள் உட்காரச் சொன்னார்கள்.

இனி ஒரு ஃபைல் கதைக்கு வருகிறேன். விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுப் பெயரில் ஒரு படிப்பைத் தொடங்கினால், அது இன்ன பழைய படிப்புக்குச் சமம் என்று அரசிடம் ஆணை வாங்க வேண்டும். இணைத்தன்மை என்பார்கள். அந்த ஆணை இல்லாத பட்டம் அரசு ஆசிரியர் வேலைக்குச் செல்லாது. தங்கப் பதக்கம் இருந்தாலும் செல்லாது. ஆணை வாங்க நாங்கள் ஓர் ஒப்பீட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். இடது பக்கம் விலங்கியல் பாடங்கள், வலது பக்கம் எங்கள் பாடங்கள், நடுவில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற விவரம். முக்கால்வாசி ஒத்துப்போனால் ஆணை வந்துவிடும். ரோசரி படித்ததில் முக்கால்வாசிக்கு மேல் விலங்கியல்தான். செல், மரபியல், உடலியங்கியல், எல்லாம் அதே பாடம்.

அந்தச் சமயம் பார்த்து ஜெயக்குமார் தர மதிப்பீட்டுக்கும் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார். சில வருஷத்துக்கு ஒரு தரம் பல்கலைக்கழகத்துக்கு மார்க் போட ஒரு குழு வரும். அந்தக் குழுவுக்குப் புதுமை வேண்டும். எதைக் காட்டினாலும் இது மற்ற இடத்தில் இல்லை என்று காட்ட வேண்டும். மனிதர் அதற்கு எழுதிய பக்கத்தையே எடுத்து இணைத்தன்மை ஃபைலுக்கும் கொடுத்துவிட்டார். "வழக்கமான விலங்கியலிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. நாட்டில் வேறெங்கும் இல்லாத பாடத்திட்டம்." நடுவில் இருந்த கட்டத்தில், எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கேட்ட இடத்தில், பெருமையாக ஒரு வரி: "ஒப்பிட இயலாது."

சமம் என்று சொல்லுங்கள் என்று மனுப் போடுகிற கடிதத்திலேயே சமம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் உலகத்தில் ஜெயக்குமார் ஒருவராகத்தான் இருப்பார். அதை டைப் செய்து, மூலையில் என் சுருக்கொப்பம் வைத்து அனுப்பியவன் நான். படிக்காமல் அனுப்பவில்லை. படித்தேன். புரிந்தது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பு வேறொரு பேராசிரியரின் பாடத்திட்டத்தில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டப் போய், "கிளார்க்குக்கு எதுக்குய்யா சிலபஸ்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆறு மாசம் விடைத்தாள் கிடங்கில் கட்டு எண்ணியிருக்கிறேன். அந்தத் தூசியில் வந்த இருமல் இன்னும் போகவில்லை. நமக்கென்ன வந்தது என்று அனுப்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து பதில் வந்தது. நீங்களே மாறுபட்டது என்கிறீர்கள், ஆகவே இணையானது அல்ல. அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜெயக்குமார் அந்தக் கடிதத்தின் மேல் "பார்த்தேன், கோப்பில் வைக்க" என்று எழுதினார். வைத்தேன். மாணவர்கள் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

ரோசரி பி.எட். முடித்து, கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். மாலையில் டியூஷன், அதற்கப்புறம் அரசுத் தேர்வுக்குப் படிப்பு. முதல் முறை ஒன்றரை மார்க்கில் போயிற்று. அடுத்த முறை விலங்கியலில் மாநில அளவில் ஒன்பதாம் இடம். பத்திரிகையில் பெயர் வந்த மறுநாள் எங்கள் வாசலில் அவள் படத்தோடு பேனர் தொங்கியது. "எங்கள் தங்கம்" என்று தலைப்பு. பக்கத்திலேயே, அவள் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஜெயக்குமார் படம். தனியார் பள்ளியில் கேக் வெட்டி வழியனுப்பி, அவள் இடத்தில் வேறு ஆளையும் போட்டுவிட்டார்கள்.

சான்றிதழ் சரிபார்ப்பில் ஐந்து நிமிஷம் ஆனதாம். இணைத்தன்மை ஆணை எங்கே என்று கேட்டார்கள். இவளுக்கு அந்த வார்த்தையே புதிது. பதினைந்து நாளில் ஆணையோ, திருத்திய விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று பல்கலைக்கழகக் கடிதமோ கொண்டுவந்தால் இடத்தை நிறுத்தி வைக்கிறோம், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு என் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், அந்த ஃபைலைக் கொஞ்சம் பாக்கலாங்களா?"

விதிப்படி காட்டக் கூடாது. எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். நடுக்கட்டத்தில் விரல் நின்றது. அப்புறம் மூலைக்கு வந்தது.

"இது உங்க கையெழுத்துங்களா சார்?"

"ஆமாம்மா. நான்தான் டைப் பண்ணேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தப்புன்னு தோணலீங்களா சார்?"

"தோணுச்சும்மா."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபைலை மூடி, நாடாவை ஒழுங்காகக் கட்டி என் பக்கம் நகர்த்தினாள். "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க சார்" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து புது ஒப்பீட்டு அறிக்கையும், கூட வைக்க வேண்டிய கடிதமும் நானே தயார் செய்தேன். பாடம் பாடமாக அவள் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். எண்பத்திரண்டு சதவீதம் ஒத்துப்போனது. ஜெயக்குமார் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவர் அறைக்கு இருவரும் போனோம். "வாம்மா எங்கள் தங்கம்!" என்று எழுந்து நின்றே வரவேற்றார். காகிதத்தைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"எண்பத்திரண்டு பர்சென்ட் பழைய விலங்கியல்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? பன்னெண்டு நாள்ல தர மதிப்பீட்டுக் குழு மறுபடி வருது. இந்தியாவுலயே இல்லாத கோர்ஸ்னு நாப்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன். இந்தக் கடுதாசி அவங்க கண்ணுல பட்டா என்ன ஆகும்?"

"சார், எனக்கு பதினாலு நாள்தான் சார் இருக்கு."

"அதான் சொல்றேன். பன்னெண்டாம் நாள் வராங்க, பதிமூணாம் நாள் போயிடுவாங்க. அவங்க வண்டி ஏறுன உடனே போட்டுத் தர்றேன். நீயும் வந்து அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். முன்னாள் மாணவர் சந்திப்புல நீ இல்லாம எப்படி?"

ரோசரி என்னைப் பார்த்தாள். கணக்குப்படி ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. சரி என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறென்ன வழி இருந்தது?

குழு வந்தது. வாசலில் பூரண கும்பம், நாதஸ்வரம், மாணவிகள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவை. சந்திப்பு அறையில் முன்வரிசையில் ரோசரி. வடநாட்டுப் பெரியவர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்: இந்தப் படிப்பு உன் வாழ்க்கைக்கு என்ன செய்தது? நான் பின்சுவர் ஓரம் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். இவள் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவாள் என்று ஒரு பக்கம் பயம், உடைத்தால் தேவலையே என்று ஒரு பக்கம் ஆசை. அவள் முக்கொம்பு மீன்களைப் பற்றிச் சொன்னாள். வலைக்காரர்களிடம் கற்றதைச் சொன்னாள். ஆசிரியர் தேர்வில் ஒன்பதாம் இடம் வந்ததைச் சொன்னாள். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. பெரியவர் கைதட்டினார். ஜெயக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழு பதிமூன்றாம் நாள் போகவில்லை. ஸ்ரீரங்கத்தில் தரிசனம், கல்லணை, மதியச் சாப்பாடு என்று ஒரு நாள் நீட்டித்தார்கள். பதினான்காம் நாளும் ஜெயக்குமார் அவர்கள் கூடவே காரில் சுற்றினார். ரோசரி காலை எட்டு மணியிலிருந்து அவர் அறை வாசல் பெஞ்சில், மடியில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். போன் போட்டேன், எடுக்கவில்லை. நாலு மணிக்கு எடுத்து, "சாமி கும்பிட்டுட்டு இருக்கோம்யா" என்றார். சாயங்காலம் ஐந்தரைக்குப் பியூன் வந்து அறையைப் பூட்டினான்.

எங்களுக்கு மிக உயர்ந்த மதிப்பெண் வந்தது. லட்டு கொடுத்தார்கள். என் பங்கு லட்டை மேஜை இழுப்பறையில் போட்டேன், எறும்பு தின்றது. அடுத்த வாரம் ரோசரி மறுபடியும் காகிதங்களோடு வந்தபோது ஜெயக்குமார் உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "கெடு முடிஞ்சு போச்சேம்மா, இனிமே போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். அடுத்த தேர்வுக்காவது உதவும் என்று நான் சொன்னேன். அந்தப் படிப்பையே இந்த வருஷத்தோடு நிறுத்தப் போகிறோம், நிறுத்துகிற படிப்புக்கு இணைத்தன்மை கேட்டால் சிரிப்பார்கள் என்றார்.

பிலோமின்ராஜ் ஒரு நாள் தனியாக வந்தார். மகளுக்குத் தெரியாமல் வந்திருப்பதாகச் சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், எம்பொண்ணு படிப்புல ஏதும் கொறை வச்சிடுச்சுங்களா? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"இல்லீங்க. அவ ஒரு குறையும் வைக்கல."

"அப்பறம் ஏன் சார் வேணாம்னுட்டாங்க?"

கட்டம், ஒப்பீடு, சதவீதம் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இரும்பை இரும்போடு சேர்த்துப் பற்ற வைக்கிறவர். ஒட்டியதா ஒட்டவில்லையா என்று பார்த்ததும் சொல்லிவிடுவார். ஒட்டியதை ஒட்டவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் அடுத்த மே வரை ரோசரிக்கு நிரந்தரமாக ஒன்றும் அமையவில்லை. டியூஷன் பிள்ளைகள் மட்டும். மனசு உறுத்தியதால் நான்தான் ஒரு காரியம் செய்தேன். மாணவர் சேர்க்கைக்கு இரண்டு மாசம் தற்காலிக ஆலோசகர் எடுப்பார்கள். அதற்கு அவள் பெயரைக் கொடுத்தேன். இதற்குள் ஜெயக்குமார் பொறுப்புப் பதிவாளராகவே ஆகிவிட்டார். பெயரைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய், "நம்ம தங்கம் நம்மகிட்டயே வந்துடுச்சு" என்று உடனே கையெழுத்துப் போட்டார். அந்தக் கை அவ்வளவு சுலபமாக ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புது வருஷத்துக்குப் புதுப் படிப்பு. நீர்வளமும் செயற்கை நுண்ணறிவும், ஐந்து வருஷம். பெற்றோர் கூட்டத்தில் ஜெயக்குமார் ஒரு மணி நேரம் பேசினார். முடிவில் ரோசரியை மேடைக்குக் கூப்பிட்டு, எங்கள் தங்கப் பதக்க மாணவி, இன்றைக்கு நம் பல்கலைக்கழகத்திலேயே பணியில் இருக்கிறார் என்று அறிமுகம் செய்தார். கைதட்டல் அடங்குவதற்குள் அவள் மேஜை முன்னால் வரிசை நின்றுவிட்டது. சேர்க்கைப் பதிவேட்டோடு நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

மூன்றாவதாக வந்தவர் மாரியாயி. லால்குடிக்கு உள்ளே ஏதோ கிராமம், நடவு வேலை. கூடவே மகள், நல்ல மார்க். பெண் டீச்சர் ஆக வேண்டும் என்றார். ரோசரி பேனாவைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, இந்தப் படிப்புக்கு அரசாங்க ஆணை இல்லீங்க. கவர்மென்ட் வேலைக்கு இது செல்லாது. பாப்பாவை ஏதாவது பழைய காலேஜ்ல சாதாரண டிகிரி சேத்து விடுங்க. நான் அனுபவிச்சுட்டுத்தான் சொல்றேன்."

மாரியாயி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இங்கதான படிச்ச? இப்பதான அந்த சார் மேடையில சொன்னாரு?"

"ஆமாங்க. படிச்சேன், மெடலும் வாங்குனேன். வேலை கிடைக்கலம்மா."

"வேலை கெடைக்காமத்தான் ஃபேனுக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்திருக்கியாக்கும்?"

"இது ரெண்டு மாச வேலைங்க..."

"எங்கள மாதிரி வீட்டுப் புள்ளைங்க வரப்போவுதுன்னா எல்லாரும் இதைத்தாம்மா சொல்றீங்க. நீ வந்த வழியில எம்புள்ள வந்தா உனக்கென்ன போவுது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரோசரியின் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க சொல்லுங்க சார். உங்களுக்கு எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரியும். எந்த ஃபைல், எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்றுகூடத் தெரியும். நான் சொன்னால் அந்த அம்மாள் கேட்டிருப்பார், தலை நரைத்த ஆபீஸ்காரன் சொல்வதை அவர்கள் நம்புவார்கள். பத்தடி தள்ளி ஜெயக்குமார் யாரோடோ கைகுலுக்கிக்கொண்டு நின்றார். ஓய்வுக்கு எனக்கு நாலு வாரம் இருந்தது. என் ஓய்வூதியக் காகிதங்கள் அவர் மேஜையில் இருந்தன.

"உங்க இஷ்டம்மா" என்றேன்.

மாரியாயிக்கு எழுத வராது. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் ரோசரிதான் அவர் கட்டை விரலைப் பிடித்து, மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்து அழுத்தினாள்.